கடைசிக்கு முந்தின பஸ்: கார் இல்லாமல் மலையேற ஒரு வழிகாட்டி

மலையேறப் போகலாம் என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால், ஐந்தாவது நிமிடத்தில் "வண்டி யார் எடுக்கிறது?" என்ற கேள்வி வந்துவிடும். பாதித் திட்டங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பது என் கட்சி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அரசு பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. ஏற்காட்டின் 20 வளைவுகள், சிறுமலையின் 18, ஏலகிரியின் 14 எல்லாவற்றுக்கும் அப்படியே. ஏலகிரி வளைவுகளுக்குக் கபிலர், ஔவையார், பாரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் படித்துக்கொண்டே போகலாம், ஓட்டுகிறவருக்கு அது முடியாது.

பஸ்ஸில் வருகிறவருக்கு வேறு சலுகைகளும் உண்டு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ் பயணிக்கு அந்தத் தொல்லை கிடையாது. வார இறுதியில் நிறுத்த இடம் தேடி மலையைச் சுற்ற வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, காரில் வந்தவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். நாம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, அங்கே வரும் வண்டியில் ஊர் திரும்பலாம்.

ஒரே ஒரு நிபந்தனை: மலை பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வராது. ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும்.

முதல் வேலை: திரும்பும் வண்டி

எந்த மலை, எந்தப் பாதை என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் தெரிய வேண்டியது, நடை முடியும் இடத்திலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தினது எத்தனை மணிக்கு என்பதுதான். முந்தின பஸ்ஸைத்தான் நம் பஸ்ஸாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி பஸ் என்பது கால் பிசகினால், மழை பிடித்தால், வழி தவறினால் கைகொடுப்பதற்காக இருக்கிறது. அதையே நம்பித் திட்டம் போட்டால், அன்றைக்குப் பார்த்து அந்த ட்ரிப்பை ரத்து செய்திருப்பார்கள்.

நேரத்தை யாரிடம் கேட்பது? கைப்பேசி வரைபடம் நகரத்துக்குச் சரி. மலைக் கிராமத்துக்குப் போகும் வண்டியைப் பற்றி அது வாய் திறப்பதில்லை, திறந்தாலும் நம்பக் கூடாது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறை என்று ஒன்று இருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் பெரிய பேரேட்டை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் விலகும் வரை பொறுத்திருந்து, "ஐயா, கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து திரும்பும் வண்டிகள் எத்தனை எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். எல்லா நேரத்தையும் கேளுங்கள். "கடைசி வண்டி எப்போது?" என்று மட்டும் கேட்டால் அது ஒன்றை மட்டும்தான் சொல்வார்.

இரண்டாவது சாட்சி, நீங்கள் ஏறிப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். இறங்கும்போது "இதே வண்டி திரும்ப எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டால், உங்கள் முகமும் அவருக்கு நினைவிருக்கும். மூன்றாவது, இறங்கும் இடத்து டீக்கடை. மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மூன்றில் எது முந்தியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில மலை ஊர்களில் மாலையில் ஏறும் கடைசி வண்டி இரவு அங்கேயே தங்கும். நைட் ஹால்ட் என்பார்கள். காலையில் அதுதான் முதல் வண்டியாகக் கீழே இறங்கும். மேலே இரவு தங்கி நடக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. அன்றே திரும்ப நினைக்கிறவர்கள், அந்த வண்டியைத் திரும்பும் வண்டி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

இப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முந்தின பஸ் மாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு 3.30-க்கு வந்துவிட வேண்டும். நடை, ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் என்றால், 10.30-க்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு ஏற்றாற்போலக் காலையில் எந்த வண்டி என்று பாருங்கள். காலை வண்டி ஒத்துவரவில்லை என்றால் முந்தின நாள் மாலையே அடிவார ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். நடக்கும் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். புதியவர் மலைப்பாதையில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே நல்ல நடை.

காலண்டரைப் பாருங்கள்

வானிலை பார்ப்பதற்கு முன் தினசரி காலண்டரைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைப் பக்கம் போகும் வண்டிகளில், நடுவழியில் செஞ்சியில் நின்று ஏறுவது என்பது கனவு. மறுநாள் திரும்பும் வண்டிகளும் அப்படியே. பெரிய முகூர்த்த நாளில் கிராமத்து பஸ் முழுக்கக் கல்யாணக் கூட்டமாக இருக்கும். அமாவாசையில் சதுரகிரி, சிவராத்திரியில் வெள்ளியங்கிரி என்று ஒவ்வொரு மலைக்கும் ஒரு நாள் உண்டு. நடக்க மட்டும் போகிறவர் அந்த நாளை விட்டுவிடலாம்.

வானிலையைப் பொறுத்தவரை, கிழக்குப் பக்கத்து மலைகளுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓடையைக் கடந்து போகும் பாதை எதுவாக இருந்தாலும், மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். சதுரகிரியில் 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தது கோடைமழையில்தான். ஓடைத் தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ கடக்காதீர்கள். பஸ் போனால் போகட்டும்.

அனுமதி

இதில் விளையாட்டு வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் திறந்திருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள்.

பஸ்ஸில் போகிறவர் பதிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த நடைகள் பெரும்பாலும் காலையிலேயே தொடங்கிவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாமல் போகலாம். தொடங்கும் இடத்தின் பெயரைப் பார்த்து, அங்கே இரவே போய்த் தங்க வழி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள். ஊட்டி நகரத்தை ஒட்டிய கெய்ர்ன் ஹில், கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை, கூடலூர்ச் சாலையில் இருக்கும் ஊசிமலை ஆகியவை பஸ்காரர்களுக்குத் தோதானவை.

கோயில் மலைகளுக்குத் தனி நடைமுறை. அனுமதி நாள், ஏறும் நேரம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் போன நண்பர் சொன்னதை நம்பாமல் அந்த வாரச் செய்தியைப் பாருங்கள்.

பையும் பஸ்ஸும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பாட்டிலில் அல்ல, எவர்சில்வர் குப்பியில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறியும் பார்ப்பார்கள். புளிச்சோறு, கடலை மிட்டாய், வாழைப்பழம். டார்ச், தொப்பி, மெல்லிய மழைச்சட்டை. மழைக்காலத்துச் சோலைக்காட்டில் அட்டை ஏறும். ஒரு பொட்டலம் உப்பு போதும். பழகிய ஷூ, புதுசு வேண்டாம். பையின் அளவுக்கு ஒரு சோதனை உண்டு: உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள்ள முடிகிறதா? முடியவில்லை என்றால் கூட்டமான பஸ்ஸில் உங்களோடு சேர்த்து நாலு பேருக்கு இம்சை.

வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் பின் இருக்கைக்குப் போகவே கூடாது. பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் அந்த நீள இருக்கை ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை உங்களைத் தூக்கிப் போடும். முன்பகுதியில், சாலை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பரோட்டாவும் ஆகாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எனக்கு அது பலிக்கிறது. மாத்திரை போடுகிறவர்கள் வண்டி மலையில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணம் இல்லை. அடிவாரம் வரை போகும் வண்டிகள் பல அந்த வகையில் வரும்.

தொடக்க நடை: திருவண்ணாமலை

முதல் தடவை மலை உச்சி எதுவும் வேண்டாம். திருவண்ணாமலை பேருந்து நிலையத்திலிருந்து செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைக்கும். ஆசிரமத்தின் பின்புறமிருந்து கல் பாவிய பாதை ஒன்று மலைச்சரிவில் ஏறிக் கந்தாசிரமத்துக்குப் போகிறது. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓரிடத்தில் பாதை திரும்பியதும், கீழே கோயில் ஒன்பது கோபுரங்களோடும் முழுசாகத் தெரியும். ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பின்பு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். கந்தாசிரமத்திலிருந்து குகை வழியாக நேரே ஊருக்குள் இறங்கிவிடலாம். ஏறிய இடம் வேறு, இறங்கும் இடம் வேறு. நடை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கந்தாசிரமத்துக்கும் குகைக்கும் திறக்கும், மூடும் நேரம் உண்டு. மலை உச்சிக்கு ஏறத் தடை இருக்கிறது. "நான் வழி காட்டுகிறேன்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பௌர்ணமி அல்லாத நாளில். தார்ச்சாலைதான். ஆனால் 14 கிலோமீட்டரில் உங்கள் ஷூ எங்கே கடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

செஞ்சி

புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் மலை செஞ்சிதான். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டிகள் நாள் முழுக்க இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்தும் வண்டி உண்டு. அதாவது, இங்கே கடைசி பஸ் கவலை குறைவு. கோட்டை, பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சாலையே இரண்டு மலைகளுக்கு நடுவில்தான் போகிறது: வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் சற்று உள்ளே ராஜகிரி. விரைவு வண்டிகள் கோட்டையில் நிற்காது. ஆட்டோ பிடியுங்கள், அல்லது நடந்துவிடுங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் ஏறுவேன் என்று கிளம்புகிறவர்கள் சின்னதான கிருஷ்ணகிரியை முதலில் ஏறிவிட்டு, உச்சி வெயிலில் ராஜகிரியில் திணறுவதைப் பார்க்கலாம். காலையில் ராஜகிரி. தெம்பு மிஞ்சினால் கிருஷ்ணகிரி. பிற்பகலில் ராஜகிரி உச்சிக்கு ஏற விடுவதும் இல்லை.

ராஜகிரி சுமார் 800 அடி. அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயங்கள் என்று நிழலான இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் திரும்பும்போது பார்க்கலாம். டிக்கெட் வாங்கியதும் நேரே படிக்குப் போங்கள். தொடக்கத்தில் மரநிழல் உண்டு. கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிய பிறகு பாறையும் வெயிலும்தான். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல்கடை. அதனால் மூச்சைவிடத் தொடைதான் முதலில் புகார் செய்யும். பத்துப் படி ஏறி நிற்பது, மறுபடி பத்துப் படி என்று போகாமல், பேசிக்கொண்டே ஏற முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்து நிற்காமல் போங்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆழமான அந்தப் பிளவின் மேல் ஒரு சிறிய பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வழி கிடையாது. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையை இதற்குள்ளிருந்து தாக்குப்பிடித்தார். பாலத்தின் மீது நின்று கீழே பார்த்தால் அது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் இது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

குரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. செஞ்சிக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கும் சத்தம் தெரியும். பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவைப் பைக்குள் அடியில் வைத்து, கீழே இறங்கிய பிறகு சாப்பிடுவது நல்லது. பிடுங்க வந்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடி வாங்கினால் அன்றைய பஸ் ஆஸ்பத்திரிக்குத்தான்.

இறங்குவதற்கு ஏறிய நேரத்தில் முக்கால் பங்கு ஒதுக்குங்கள். பாதி போதும் என்று நினைப்பவர்கள் முழங்காலைக் கணக்கில் சேர்க்காதவர்கள்.

கொல்லிமலை: முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்

செஞ்சி சுலபமாக இருந்தால் அடுத்தது இது. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வண்டி உண்டு. மேலே செம்மேடுதான் பஸ் நிலையம். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வண்டிகள் குறைவு. முந்தின பஸ் கணக்கு முழுதாக வேலைக்கு வருவது இங்கேதான். நாமக்கல்லில் முதல் வண்டியைப் பிடியுங்கள்.

கோயிலின் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. மற்ற மலைகளில் களைத்தவுடன் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைப்பு தெரியும்போது நீங்கள் அடியில் இருப்பீர்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. குளித்துக் குளிர்ந்த காலோடு செங்குத்தான படி ஏற வேண்டும். இறங்க முக்கால் மணி நேரம் ஆனால், ஏற ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, கிளம்ப வேண்டிய நேரத்தைக் கைப்பேசியில் மணி அடிக்க வைத்துவிடுங்கள். அருவிக்கரையில் யாருக்கும் நேரம் தெரிவதில்லை. மழை பெய்து தண்ணீர் கூடினால் படி வழியை மூடிவிடுவார்கள். அப்படி ஆனால் மாசிலா அருவிப் பக்கம் போகலாம், அல்லது மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஊர்ச்சாலையில் நடக்கலாம். அது ஒன்றும் குறைந்த நடை இல்லை.

வெள்ளியங்கிரிக்குக் கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டி அடிவாரம் வரை பஸ் போகிறது என்பதால் பலர் அதையே முதல் மலையாக வைத்துக்கொள்கிறார்கள். ஏழு மலை ஏறி ஏழு மலை இறங்க வேண்டும், இதய நோய் உள்ளவர்கள் அங்கே இறந்துபோன செய்தி அநேகமாக ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. இரண்டு மூன்று மலை பழகிய பிறகு போகலாம்.

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க

பஸ் நடையின் உச்சம் கொடைக்கானலில் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளத்துப் பக்கமிருந்து கால்நடையாகவும் டோலியிலும் ஏறிய பழைய வழி, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் வழியாகப் போகிறது. வெகுகாலம் வெள்ளகவிக்கு வண்டிப்பாதை இருந்ததில்லை. சாமான் எல்லாம் குதிரையிலும் தலையிலும்தான் போனது. ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை, வருகிறவர்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்ற எளிதான ஷூ இங்கே உதவும்.

வட்டக்கானல் – வெள்ளகவி பாதை வனத்துறையின் நாற்பதில் ஒன்று. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு முந்தின நாளே பஸ்ஸில் ஏறித் தங்கிவிடுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து வட்டக்கானல் சில கிலோமீட்டர்தான். விடியற்காலையில் காட்டுமாடு சாலையில் நிற்கும், அது விலகும் வரை தள்ளி நில்லுங்கள், டார்ச் அடிக்காதீர்கள். டால்பின் நோஸ் பாறை வரை ஊர்க்கூட்டம் இருக்கும், அதற்குக் கீழே இறங்கினால் பாதை உங்களுடையது.

பதிவு செய்யும்போதே, நடை வெள்ளகவியிலிருந்து திரும்பி மேலே வருகிறதா, கீழே கும்பக்கரைப் பக்கம் இறங்குகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பும் வண்டி அதைப் பொறுத்தது. மேலே வந்தால் கொடைக்கானல் பஸ். கீழே இறங்கினால் கும்பக்கரை அருவியிலிருந்து பெரியகுளம் எட்டு கிலோமீட்டர், ஆட்டோவில் போய்விடலாம். பெரியகுளத்தில் தேனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் வண்டிகள் இரவு வரை வந்துகொண்டிருக்கும்.